திருநீறு கொடுத்துச் சொன்னால்தான் உத்தரவு

எங்கள் அப்பச்சி சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுமுறையாருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பச்சி யார்மீதும் கோபப்பட்டதில்லை என்று என் தம்பி முன்பக்கத்தில் எழுதியிருக்கிறான். உண்மைதான். அந்த வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் ஆத்தாவும் நானும் பட்டுக்கொண்டோம். மறைந்தவர்களைப் பற்றி நல்லதை எழுதுவது வழக்கம், நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் எனக்கு எரிச்சலோடுதான் எழுத வரும். அப்பச்சியோடு அப்படித்தான் வாழ்ந்தேன்.

அப்பச்சி திருமயத்துக்குத் தெற்கே எங்கள் பூர்வீக ஊரில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட, பெரியப்பா வீட்டில் வளர்ந்து, மீசை முளைக்குமுன் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே கடை பார்த்துக்கொண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் வந்து போனார்கள். என் கல்யாணத்துக்கு முன்பே கடையை விட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டார்கள். பொய் பேச மாட்டார்கள். வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். ரங்கூனில் விஷக்காய்ச்சலில் கிடந்த சமையற்காரருக்கு இருபது நாள் தம் கையால் கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள். அதை அப்பச்சி ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சமையற்காரரே எங்கள் வீடு தேடி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு நல்லவர்களிடம் ஒரே ஒரு தொல்லை இருந்தது. அதற்குக் குரு பக்தி என்று பெயர்.

எங்கள் வீட்டு வழக்கப்படி அப்பச்சி கல்யாணத்துக்கு முன்பே உபதேசம் கேட்டவர்கள். உபதேசம் கொடுத்த சாமி திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய மடத்தில் இருந்தார்கள். கீற்றுக் கொட்டகை, ஒரு கிணறு, இரண்டு பசுக்கள், அவ்வளவுதான் மடம். குரு என்பவர் வழியைக் காட்டுகிறவர் என்று நான் படித்திருக்கிறேன். அப்பச்சிக்கு அது போதாது. வழியையும் காட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கதவையும் தட்டிவிட வேண்டும். பசு வாங்கவும் சாமியின் உத்தரவு, ஓடு மாற்றவும் சாமியின் உத்தரவு. புதுக்கோட்டைவரை பஸ், அப்புறம் மாட்டுவண்டி என்று ஒரு நாள் முழுக்க அலைந்து, ஓடு மாற்றலாமா என்று கேட்டுவிட்டு வருவார்கள். அதற்குள் மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் ஆயிற்று. ஒரு வருடம் நிறைவதற்குள் மாப்பிள்ளை மலாயாவில் காய்ச்சல் கண்டு காலமாகிவிட்டார். தந்தி வந்த பிறகு நான் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் எட்டாவது தேறியவள். திருச்சியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. இரண்டு வருடம் டிரெயினிங் முடித்தால் வாத்தியாராகலாம். மூலையில் உட்கார்ந்து வத்தல் காயப்போட்டே காலம் தள்ள எனக்கு இஷ்டமில்லை. போகிறேன் என்றேன். ஆத்தா சரி என்றார்கள். அப்பச்சி சட்டையை மாட்டிக்கொண்டு, "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன் தாயி" என்று கிளம்பினார்கள்.

மறுநாள் வந்து, "உத்தரவு இன்னும் ஆகலை" என்றார்கள்.

அடுத்த வருடமும் விண்ணப்பிக்கும் காலம் வந்தது. அப்பச்சி போய்வந்து அதையே சொன்னார்கள். மூன்றாம் வருடம், இந்தத் தடவை சேராவிட்டால் வயது கடந்துவிடும் என்று பள்ளியிலிருந்து கடிதமே வந்துவிட்டது. சேர ஒன்பது நாள்தான் பாக்கி. அப்பச்சி கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடியும் சட்டையைத் தேடினார்கள். "நீங்க மட்டும் போக வேண்டாம். நானும் வாரேன்" என்றேன். ஆத்தாவும் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நாங்கள் போனபோது சாமி கிணற்றடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். மூவரும் விழுந்து கும்பிட்டோம். நான் எழுந்ததும் எழாததுமாகக் கேட்டேன்.

"சாமி, நான் டிரெயினிங் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையாச் சொல்லிருங்க."

சாமி என்னைப் பார்த்தார்கள், பிறகு அப்பச்சியைப் பார்த்தார்கள். "மூணு வருஷமா இதைத்தானே சொல்றேன். அந்தப் பிள்ளைக்கு இஷ்டம்னா அனுப்பி வைங்கன்னு. இன்னுமா அனுப்பலை?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பச்சி பக்கம் திரும்பினேன். பொய் பேசாத மனிதராயிற்றே. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள்.

"சாமி சொன்னாக. ஆனா சாப்பிட்டுக் கை கழுவுறப்ப, பேச்சோட பேச்சாச் சொன்னாக. திருநீறு குடுத்துச் சொல்லலையே."

அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. சாமி தட்டிலிருந்து திருநீறு எடுத்துக் கையில் போடும்போது வாயில் என்ன வருகிறதோ அதுதான் உத்தரவாம். மற்ற நேரத்தில் பேசுவதெல்லாம் வெறும் பேச்சாம். சாமியோ திருநீறு கொடுக்கும்போது யாருக்கும் "நல்லா இருங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. ஆக, என் வயதில் மூன்று வருடத்தை இந்த "நல்லா இருங்க" தின்றுவிட்டது. ஓடு மாற்றக் கொடுத்த உத்தரவு மட்டும் எப்படி வந்தது என்று ஆத்தா கேட்டார்கள். மழைக்காலமாச்சே என்று அன்றைக்குச் சாமி திருநீற்றோடு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டார்களாம்.

சாமி கீரையைக் கீழே போட்டார்கள். "இது எந்த ஊருச் சட்டம்?"

"நானா வச்சுக்கிட்டதுங்க சாமி."

"நான் எப்பப் பேசுனா குரு, எப்பப் பேசுனா வெறும் ஆளுன்னு நீங்க முடிவு பண்றீங்க. அப்ப நமக்குள்ள குரு யாரு? நீங்களா, நானா?"

அப்பச்சியைத் திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார்கள். அப்பச்சி அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"இவ கல்யாணத்தப்ப சாமி காசிக்குப் போயிருந்தீங்க. மாப்பிள்ளை வீட்டுல அவசரப்பட்டாக. சாமி வரட்டும்னு இவ ஆத்தா சொன்னா, நான் கேக்கலை. ஒரே ஒரு தடவை நானா முடிவு பண்ணேன் சாமி. அது எம்புள்ளை தலையில வந்து விழுந்துருச்சு. காதுல தப்பா வாங்கிட்டு இன்னொரு தடவையும் அவளைக் கெடுத்துரக் கூடாதுன்னுதான் திருநீறை வச்சுப் பார்த்தேன்."

இதைக் கேட்டதும் என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். இளகவில்லை. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் போட்ட சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், இந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? மலாயாவில் வந்த காய்ச்சலுக்கு இவர்கள் என்ன செய்வார்கள் என்று நானே சொல்லியிருப்பேனே. அந்தக் கோபத்தில் எனக்குப் புத்தி இருந்த இடம் தெரியவில்லை. "சாமி, அப்படியே திருநீறு குடுத்தே சொல்லிருங்க. அப்பத்தான் இவுகளுக்கு ஏறும்" என்றேன்.

சாமிக்கு இஷ்டமில்லை. கீரை உருவிய கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தார்கள். அப்பச்சி கையில் திருநீற்றைப் போட்டு, அது அடங்கும்படி விரல்களை மூடிவிட்டுச் சொன்னார்கள்.

"இனிமே என்னைக் கேட்டு வராதீங்க. இந்தப் பிள்ளையைக் கேக்காம ஒரு காரியமும் செய்யாதீங்க."

அந்த ஒன்பது நாளுக்குள் நான் திருச்சி போய்ச் சேர்ந்தேன். படித்து முடித்து ஊருக்கே வாத்தியாராக வந்தேன். சாமி அதற்குள் சமாதி ஆகிவிட்டார்கள். உத்தரவை மாற்றித்தர உலகத்தில் ஆள் இல்லை. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வம்பு இது.

அன்று முதல் அப்பச்சி என்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யவில்லை. ஒரு காரியம் என்றால் ஒரு காரியம்தான். முடி வெட்டிக்கொள்ளலாமா, தாயி? கீரனூர்க் கல்யாணத்துக்குக் காலை பஸ்ஸா, மத்தியானப் பஸ்ஸா? ரசத்துக்கு உப்புப் போட்டுக்கொள்ளட்டுமா? நான் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருப்பேன், அப்பச்சி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, வேப்பங்கிளை ஓட்டில் இடிக்கிறதே, வெட்டட்டுமா என்பார்கள். பிள்ளைகள் சிரிக்கும். "உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க அப்பச்சி" என்றால் நகர மாட்டார்கள். வெட்டுங்க என்றோ வேண்டாம் என்றோ சொன்னால்தான் போவார்கள். சண்டைக்காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்த உறவினர்களை வீட்டில் வைத்துக்கொள்ளவும் என்னைத்தான் கேட்டார்கள். அதைக் கேட்கும்போது மட்டும், வேண்டாம் என்று சொல்லிவிடாதே என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன வருடம் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது, "இது சரிதானா தாயி?" என்றார்கள். அதற்கும் நான்தான் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் சில மாதத்தில் நெஞ்சுச்சளி முற்றிப் படுத்துவிட்டார்கள். புதுக்கோட்டை டாக்டர் கொடுத்த மருந்தை ஆத்தா நீட்டினால் வாங்காமல் என்னைப் பார்ப்பார்கள். குடிங்க என்று நான் சொன்ன பிறகே வாய் திறக்கும். ஆத்தாவுக்கு அதில் இருந்த வருத்தம் எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்கள்.

"தாயி, நான் போகட்டுமா?"

எனக்கு நேரமாகிவிட்டது. அன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை. "இந்த உடம்போட எங்க போகப்போறீங்க? சாயங்காலம் வந்து பேசிக்கிறேன். பேசாமப் படுங்க அப்பச்சி" என்று சொல்லிவிட்டுப் போனேன். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் என்ன கேட்டார்கள் என்பது உறைத்தது. ஆனால் நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டு எழுந்து ஓட முடியவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது ஆத்தா அழுதுகொண்டிருந்தார்கள். மத்தியானம் தாண்டாது என்று, நான் போனபின் வந்து பார்த்த டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம். அப்பச்சி கண்ணை மூடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பேச்சு வரவில்லை. என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் இருந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் பைத்தியம்போல் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை. "போயிட்டு வாங்க அப்பச்சி" என்றேன். சரி என்று தலையை அசைத்தார்கள். விளக்கு வைப்பதற்குள் போய்விட்டார்கள்.

கூப்பிட்டபோதெல்லாம் பஸ்ஸைப் பிடித்து வந்து பார்த்த டாக்டருக்கும், கடைசி மூன்று நாளும் ஆத்தாவைத் தனியாக விடாத அண்டை வீட்டாருக்கும், துக்க நாட்களில் எனக்காக வகுப்பைப் பார்த்துக்கொண்ட சக வாத்தியார்களுக்கும், அறந்தாங்கியிலிருந்து வந்து காரியம் முடியும்வரை கூட இருந்த மாமா குடும்பத்தாருக்கும், அனுதாபக் கடிதம் எழுதிய எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஒரு வருடமாக இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. வேப்பங்கிளையைத் தம்பி அவன் இஷ்டத்துக்கு வெட்டுகிறான். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.