கையுறையைக் கழற்றிய மத்தியானம்

திருச்செங்கோட்டில் பதினாறு வருஷமாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். ஜெல் பாலிஷ் இல்லாமல் இப்போதெல்லாம் எந்தப் பெண்ணும் மணமேடை ஏறுவதில்லை. சாதா பாலிஷ் காற்றிலேயே காய்ந்துவிடும். ஜெல்லுக்கு அது போதாது. நீல வெளிச்சம் அடிக்கும் சின்ன லேம்புக்குள் விரலை நீட்டினால்தான் இறுகும். இறுகாத ஜெல் தோலில் பட்டால்தான் வம்பு. பெட்டியில் பொடி எழுத்தில் அதைப் போட்டுத்தான் இருக்கிறார்கள். உட்கார்ந்து படிக்க எனக்கு ஏது பொழுது?

நகத்தோரம் வழிந்ததையெல்லாம் பல வருஷம் என் விரலாலேயே துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அரித்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். பிறகு விரல் நுனிகள் வெடித்தன. தேங்காய் எண்ணெய் தடவினேன். ரேஷன் கடை மெஷின் என் ரேகையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான் சேலத்துக்குத் தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன். முதுகில் வரிசையாக மருந்து ஒட்டி, இரண்டு நாள் குளிக்க விடாமல் வைத்திருந்து, ஜெல் அலர்ஜி என்று சொன்னார். வந்தது வந்ததுதான், ஆயுசுக்கும் போகாதாம். பல் அடைக்கப் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டுமாம். அங்கே வைக்கும் மருந்திலும் இதே சரக்கு இருக்கலாமாம். "தொழில விட முடியாதுன்னா கைக்கு நைட்ரைல் உறை போடுங்க. அரைமணிக்கு ஒருக்கா மாத்துங்க. மத்தவங்க தோல்லயும் படாமப் பாத்துக்குங்க," என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நாலு மாதம் கழித்து ஜேடர்பாளையம் பக்கம் ஒரு கல்யாண வீடு. பெண் பேங்கில் வேலை பார்ப்பவள். நிச்சயத்துக்கு ஒரு தடவை, போட்டோ எடுக்க ஒரு தடவை என்று என்னிடமே ஏற்கெனவே ஜெல் போட்டிருந்தாள். அது மூன்றாவது தடவை. நான் உட்கார்ந்து நீல உறையை மாட்டியதும் பெண்ணின் அத்தை பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்துட்டு ஆசுபத்திரிக்காரியாட்டம் உறைய மாட்டிக்கிட்டா எம்புள்ளையத் தொடுவீங்க? அவளுக்கென்ன நோவா?"

சுற்றி நின்ற நாலு பெண்களும் ஆமாம் போட்டார்கள். இதற்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வாரத்தில் அது நாலாவது கல்யாணம். நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகக் கிடந்தது. வாதம் பண்ணவும் தெம்பு வேண்டுமே. கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அதன் பிறகு என் கவனம் முழுக்க என் விரல்மேல்தான். மெல்லிசாக மூன்று பூச்சு பூச வேண்டியதைச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தடிமனாக இரண்டே பூச்சில் முடித்தேன். நாலைந்து விரலில் ஜெல் தோலுக்கு வழிந்தது. துடைக்கும் குச்சி வைத்த டப்பாமேல் யாரோ பட்டுப்புடவைகளை அடுக்கியிருந்தார்கள். எழுந்து போய் எடுக்கவும் சலிப்பு. என் விரலால் தொட எனக்குப் பயம். அப்படியே விட்டேன். லேம்புக்குள் ஒரு நிமிஷம் இருக்க வேண்டிய கையை, போட்டோகிராபர் கூப்பிடுகிறார் என்று பாதியிலேயே எடுக்கவிட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அந்தப் பெண் போன் பண்ணினாள். விரலெல்லாம் வீங்கி நீர்க்கொப்புளமாம். பயத்தில் பாலிஷைப் பல்லால் கடித்துப் பிய்த்திருக்கிறாள். அதோடு நகத்தின் மேல்தோலும் உரிந்து வந்துவிட்டது. பாலிஷைக் கரைக்கும் அசிட்டோனில் ஊற வைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டியது. அதையும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"தோல் வியாதிய மறச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு எம் மாமியா சொல்றாங்கக்கா. எனக்குத் தனித் தட்டு, தனித் துண்டு. நாளைக்கு எங்கூட்டுப் பெரியவங்கள வரச் சொல்லியிருக்காங்க. என்னையக் கூட்டீட்டுப் போகச் சொல்லத்தான். நீங்க வந்து சொல்லுங்கக்கா."

முதலில் கோபம்தான் வந்தது, பல்லால் கடித்தது இவள்தானே என்று. பிறகு பயம். போய்ச் சொன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு மணப்பெண்கூட என்னிடம் கை நீட்ட மாட்டாள். சொல்லாவிட்டால் அவள் வாழ்க்கை போய்விடும். மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீடு இருக்கும் சங்ககிரிக்கு பஸ் ஏறினேன். மனசில் வீரமெல்லாம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இரண்டு லாரி நின்றது. மாமியார் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, "இது நோவு இல்லீங்க. யாருக்கும் ஒட்டாதுங்க. நான் போட்ட பாலிஷுனால வந்ததுங்க," என்றேன்.

"ஊர் ஒலகத்துல எத்தன பேரு போடறாங்க? இவளுக்கு மட்டும் வருமாக்கும்?"

பத்து விரலையும் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நுனியாகப் பார்த்தார். மருமகளைக் கூப்பிட்டு அவள் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் கொப்புளம் உடைந்த இடங்களிலும் என் விரலில் இருந்த அதே வெடிப்பு, அதே சிவப்பு. தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நகம் முளைத்து வர ஆறு மாதம் ஆகும், இனி ஆயுசுக்கும் ஜெல் பக்கமே போகக்கூடாது என்றேன். அவர் அங்கேயே போனை எடுத்து, பெண் வீட்டுப் பெரியவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம், "உக்காரு சாமி," என்று அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். அவள் அழுதாள். கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"உங்களுக்கு இது எப்பங்க வந்துச்சு?" என்று மாமியார் கேட்டார்.

"டாக்டரு சொல்லி நாலஞ்சு மாசமாச்சுங்க."

மருமகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப தெரிஞ்சேதான் எம் மருமவளுக்குப் போட்டீங்களா?"

கல்யாண வீட்டில் பெண்ணின் அத்தை சொன்னது, உறையைக் கழற்றியது, கால் வலி, போட்டோகிராபர் எல்லாம் என் வாய்வரைக்கும் வந்தன.

"ஆமாங்க," என்றேன்.