நண்டும் பத்துக்காலிதான்

சித்தப்பா கலியாணம் முடித்து, சித்தியோடு முதல்தடவை எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. சித்திக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று சித்தப்பா முன்னரே ஃபோனில் சொல்லியிருந்தார். அதனால் அப்பா காலையிலேயே சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தார். சமையலும் அவரே. முருங்கையிலை போட்டு, குழம்பு தடிக்கும்வரை அடுப்படியை விட்டு அசையவில்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் இறாலைப் பற்றிப் படித்திருந்தோம். வயிற்றின் கீழ் இருப்பவை நீந்தும் கால்கள், அவற்றைக் கணக்கில் எடுக்கக்கூடாது. நெஞ்சில் ஐந்து சோடி, ஆகவே அது பத்துக்காலி. அம்மா கழுவி வைத்த நண்டையும் எண்ணிப் பார்த்தேன். கொடுக்கு இரண்டு, மற்றவை எட்டு.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: “அப்பா, நண்டும் பத்துக்காலிதான். இறாலும் அதுவும் சொந்தம். ரீச்சர் சொன்னவா.”

“அப்ப இறாலுக்கு நண்டு என்ன முறை, மச்சானோ?” என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

“வடிவா எண்ணிப் பாத்தனீங்களோ?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஓம் சித்தி, பத்து.”

அம்மா பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா அகப்பையோடு காத்து நின்றார்.

“பெட்டையின்ர கதையை விடும். உமக்கெண்டுதான் பாத்து வாங்கினனான்” என்றபடி சித்தியின் சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய கொடுக்கு ஒன்றை வைத்தார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். அவர் தன் நண்டை உடைப்பதில் கவனமாக இருந்தார். சித்தி சாப்பிட்டார். நல்ல ருசி என்றும் சொன்னார்.

அம்மா ஐஸ்கிரீம் எடுத்து வருவதற்குள் சித்தியின் உதடுகள் வீங்கிவிட்டன. கழுத்தெல்லாம் சிவந்து தடித்து, மூச்சு இழுத்தது. அப்பா குழம்பு பட்ட கையோடு பெரிய வீதிக்கு ஓடி ஓட்டோ மறித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பின்னேரம் நாங்கள் பார்க்கப் போனபோது மூச்சு சீராகியிருந்தது. அப்பா கட்டிலருகே நின்று, “எனக்குத் தெரியேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். “பரவாயில்லை அத்தான், எனக்கும் தெரியாதுதானே” என்றார் சித்தி.

பெரியவர்கள் டொக்டரைப் பார்க்க வெளியே போனதும் கேட்டேன்: “நான் சொன்னது சரிதானே சித்தி?”

“ஓம். சின்னனில நண்டு சாப்பிட்டும் எனக்கு இப்பிடி வந்தது. ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்கோ.”

சித்தி பட்டம் பெற்றவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனாலும் தெரிந்துகொண்டே நண்டைச் சாப்பிட்டிருக்கிறாரே, விஞ்ஞானத்தில் கொஞ்சம் மட்டம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன்.