கழுத்துத் தகரம்

தங்கபுஷ்பம் டீச்சரின் தமிழ் வகுப்பில் முதல் அரைமணி நேரம் யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. மதராஸ் டோல்கேட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. படித்ததெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள்.

"நேத்து வூட்ல இன்னா நடந்துச்சு, சொல்லு" என்று டீச்சரே அவர்கள் பேச்சில் கேட்பாள்.

"நைனா கால்ல மூட்டை வுயுந்துட்ச்சு டீச்சர். வேலைக்குப் போவாம வூட்டாண்ட குந்திகினு கீது."

அதையே எழுத்துத் தமிழில், 'அப்பாவின் காலில் மூட்டை விழுந்துவிட்டது' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவாள். அதற்கப்புறம்தான் பாடநூல். வாயே திறக்காமல் வந்த பிள்ளைகள் வருஷம் முடிவதற்குள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின.

இந்த முறையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பெரிய படிப்பும் இல்லை, ஒரு தகரத் துண்டு. யுத்த காலத்தில் அவளும் சிநேகிதி தேவப்பிரியமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு மதராஸ் வந்தார்கள். விடுதியில் ஊர்ப்பேச்சு பேசியவள் நூலில் கோத்த தகரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி அப்படிப் பேசிப் பிடிபட்டால்தான் அது கைமாறும். பாவிகள், எந்த மனசோடு இப்படி ஓர் ஏற்பாடு செய்தார்களோ!

ஒருநாள் தகரத்தோடு சாப்பாட்டு அறைக்குப் போக வெட்கப்பட்டுத் தேவப்பிரியம் பட்டினி கிடந்தாள். தங்கபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. வார்டன் காதுபடவே, "ஏட்டி, சாப்பிட வாட்டி!" என்று உரக்கக் கூப்பிட்டு, தகரத்தைத் தன் கழுத்துக்கு வாங்கிக்கொண்டாள். நம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் இந்த அவமானம் வரக் கூடாது என்று அன்று இருவரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். பிறகு இருவருக்கும் இந்த டோல்கேட் பள்ளியிலேயே வேலை. அந்த அரைமணிப் பாடத்தைச் சேர்ந்தே உருவாக்கினார்கள்.

ஐம்பத்து நாலில் தேவப்பிரியம் தலைமையாசிரியை ஆனாள். இனி நமக்கென்ன கவலை என்று தங்கபுஷ்பம் பள்ளிக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பைத்தியக்காரி!

அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். தேவப்பிரியத்தின் பதவியை நிரந்தரமாக்க வேண்டியவர் அவர்தான். பிள்ளைகள் பேசியதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"இது யார் ஏற்பாடு?"

தங்கபுஷ்பம் சிநேகிதியைப் பார்த்தாள். சிநேகிதி சுவரைப் பார்த்தாள்.

"வேண்டாம்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன் சார். இவங்க கேக்கிறதே இல்லை."

இவளா? இவளா இப்படிச் சொல்கிறாள்?

திங்கட்கிழமை வகுப்பில், "வூட்ல இன்னா விசேஷம்?" என்று கேட்டாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முதல் பெஞ்சில் மலர்க்கொடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் அதே மாதிரி ஒரு தகரம். வீட்டுப் பேச்சு பேசினாளென்று பள்ளிக்கூட வாசலிலேயே பெரிய டீச்சர் தேவப்பிரியம் மாட்டிவிட்டாளாம்.

அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தங்கபுஷ்பம் நேரே தேவப்பிரியத்தின் அறைக்குப் போனாள்.

"ஏட்டி, இதை அன்னைக்கு உனக்காக வாங்கி மாட்டிக்கிட்டேனே. மறந்துட்டியாட்டி?"

தேவப்பிரியம் நிமிர்ந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இங்க ஒழுங்கான தமிழ்ல பேசுங்க டீச்சர்" என்றாள். "அடுத்த ஆள் மாட்டுற வரைக்கும் அது உங்க கழுத்துலயே இருக்கட்டும்."