குறுணல் சோறும் இடது கையும்

செனகலில் வேலை செய்யும் என் மகள் விடுமுறைக்கு மொன்றியல் வந்து, செனகல் பையன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று குசினியில் நின்று சொன்னபோது, நான் அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தாய் தகப்பன் என்ன மாதிரி?" என்றுதான் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதிப் பண்டகசாலையில் தலை நரைத்தவன் வேறு எதைக் கேட்பான்?

"வந்து பாருங்கோ. நீங்கள் ஓமெண்டாத்தான் கட்டுவன்," என்றாள் மகள்.

மனைவிக்கு முழங்கால் வருத்தம். அவளால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. "நீங்கள் போயிட்டு வாங்கோ. உங்கட கண்ணுக்கு ஒண்டும் தப்பாது," என்றாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் சந்தேகப் புத்தியை ஏசியவள், அன்றைக்கு அதை நம்பித்தான் என்னை விமானம் ஏற்றினாள்.

செனகலின் தலைநகர் டக்காரில் இறங்கிய முதல் நாளே ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. இந்த ஆட்கள் ஏன் இவ்வளவு நலம் விசாரிக்கிறார்கள்? மொன்றியலில் போன்ஜூர் என்றால் போன்ஜூர், அத்தோடு சரி. இங்கே உடம்பு எப்படி, வீட்டார் எப்படி, காலை எப்படி, பயணம் எப்படி என்று கேட்டு முடித்துவிட்டு, மறுபடியும் உடம்பிலிருந்து தொடங்குகிறார்கள். என்னிடமிருந்து எதையோ பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று பட்டது. எல்லாவற்றுக்கும் "நல்லம், மெர்சி" என்று சொல்லி வாயைக் கட்டிக்கொண்டேன்.

பையனின் வீடு மணல் நிறைந்த ஒரு தெருவில் இருந்தது. மொட்டை மாடியில் செம்மறியாடுகள் நின்று கத்தின. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று தகப்பனைப் பற்றிச் சொன்னார்கள். யார் கண்டது?

மத்தியானம் பாயை விரித்து, நடுவில் ஒரு பெரிய தட்டம் வைத்தார்கள். அந்த ஒரே தட்டத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டோம். தக்காளியில் சிவந்த சோறு, மேலே மீன், மரவள்ளி, முட்டைக்கோவா. கையை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குறுணல், உடைந்த அரிசி! எங்கள் பக்கத்தில் குறுணலைக் கோழிக்குப் போடுவோம். பெண்ணின் தகப்பனுக்கு, அதுவும் கனடாவிலிருந்து வந்தவனுக்கு, குறுணல் சோறா? போதாததற்கு, பையனின் தாய் மீனைத் தன் கையால் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் எச்சில் பார்க்கிறவன். ஆனாலும் ருசி என்னவோ ருசிதான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"குறுணல்தான் தந்தவை," என்று மனைவிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அட கடவுளே. முதல் நாளேயோ?" என்றாள்.

முழு அரிசியை விட அதைத்தான் இங்கே விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று மகள் விளக்கினாள். நான் நம்பவில்லை. அவள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டவள்.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசுவதற்கு முன் சந்திக் கடையில் விசாரிப்பார்கள். ஒரு பிளேன்டீயைக் குடித்தபடி, அந்த வீட்டுக்காரர் எப்படி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிடும். கேட்டதை வெளியில் விடமாட்டார். அந்த நம்பிக்கையில், மறுநாள் காலை தெருமுனைக் கடைக்குப் போனேன். எங்கள் மொன்றியல் டெப்பனர் போலத்தான், பாணும் சீனியும் சவர்க்காரமும் விற்கும் சின்னக் கடை. என் பண்டகசாலைப் பிரெஞ்சில் எல்லாம் கேட்டேன். தகப்பன் உண்மையாகவே துறைமுகத்தில்தான் வேலை செய்தவரா? மகனுக்கு வேறு எங்காவது ஒரு பெண்சாதி இருக்கிறாளா? கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல மனிதர்கள்," என்றார். பிறகு என் உடம்பு எப்படி என்று கேட்டார்.

மத்தியானம் தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்ததும், பையனின் தகப்பன் என்னைப் பார்த்துச் சாந்தமாகக் கேட்டார்: "கடையில் தேடியது கிடைத்ததா?"

கடைக்காரர் சொல்லிவிட்டிருக்கிறார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். மகள் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்த முகத்தோடு மீனைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். மனதில் எதையோ வைத்திருக்கிறார்கள், போகும்போதுதான் காட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

காட்டினார்கள். நான் புறப்பட்ட அன்று வாசலில் நின்று வலது கையை நீட்டினேன். தகப்பன் தன் வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார். தாயும் அப்படியே. என் இரத்தம் கொதித்தது.

பையன் காரை ஓட்டினான். அவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் மகளிடம் கொட்டித் தீர்த்தேன். "இடக்கையைத் தந்து அனுப்பினவை! கடையில கேட்டதுக்குப் பழி வாங்கிப்போட்டினம். நான் அம்மாட்ட இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டுதான் சொல்லப்போறன்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, தூரப் பயணம் போற ஆளுக்கு இஞ்ச இடக்கைதான் குடுப்பினம். அது பிழையெண்டு அவைக்கும் தெரியும். தெரிஞ்சுதான் குடுக்கிறது. அந்தப் பிழையைச் சரிக்கட்ட ஆள் திரும்பி வந்து வலக்கை குடுக்கோணுமெல்லே. திரும்பி வரோணும் எண்டு விரும்புற ஆளுக்குத்தான் குடுப்பினம்."

வடிவான விளக்கம். அவ்வளவு வடிவாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

விமான நிலைய வாசலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பயணப்பெட்டியோடு நின்ற ஒருவனின் இடது கையை ஒரு தாய் தன் இடது கையால் பிடித்திருந்தார். விடவே இல்லை. முகமெல்லாம் கண்ணீர். அவமதிக்கிற ஆள் அப்படி அழமாட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பையன் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து கையை நீட்டினான். வலது கை!

இவன் ஏன் வலது கையைத் தருகிறான்? நான் திரும்பி வரவே கூடாது என்று நினைக்கிறானா? எல்லோரும் மறந்த கடை விஷயத்தை இவன்தான் மனதில் வைத்திருக்கிறானா?

"நான்தான் சொல்லி வச்சனான்," என்றாள் மகள் மெதுவாக. "எங்கட ஆக்களுக்கு இடக்கை குடுக்கக்கூடாது, அப்பாவுக்குக் கோவம் வருமெண்டு."

அவன் நீட்டிய கையை எடுக்காமல், சங்கடத்தோடு நின்றுகொண்டிருந்தான். நான் என் வலது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டேன். இடது கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பிறகு தன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போயிட்டு வாறன்," என்றேன்.

அவனுக்கு விளங்கியிருக்காது. மகள்தான் அழத் தொடங்கினாள்.