இரண்டாம் சாட்சிக்கு விட்ட இடம்

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "ஞாயிறு. காலையிலிருந்து சாரல். தங்கை ஞானஸ்நானத்துக்காக மலைக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை." அதற்குக் கீழே, அன்று படித்து முடித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

அந்தப் பக்கத்தின் தலையில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் உண்டு. இங்கே அவற்றைத் தரவில்லை. பெயரும் தேதியும் வேண்டாம் மாமா என்று அவள் மகன் கேட்டுக்கொண்டான். தேதி இல்லாமல் நான் எழுதும் முதல் விஷயம் இது.

போடியில் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவன் நான். இரண்டு சாட்சிகள் இல்லாமல் வந்தவர்களை, கூடப்பிறந்தவர்களே ஆனாலும், திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

தங்கையைச் சிலமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். புருஷன் இறந்ததும் நிலத்தை அவர் பங்காளிகள் பார்த்துக்கொள்ள, அவள் ஏலக்காய் எடுக்கப் போனாள். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு தாண்டிக் கேரள மலைத் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திரும்புவாள். மூன்று வருடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவள், "எதுக்குண்ணே தெனமும் எந்திரிக்கணும்?" என்று கேட்டாள். படித்ததையெல்லாம் வைத்து அரைமணி நேரம் பதில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, காப்பி ஆறிப்போச்சுண்ணே என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கு எஸ்டேட்டில் இருந்த ஒரு ஜெபக்கூடத்தில் கிடைத்தது. தகரக் கூரை, ஆறு பெஞ்சு, ஜெபம் நடத்த, போடியிலிருந்து அந்தப் பக்கம் குடியேறிய ஓர் உபதேசியார். மழைக்கு ஒதுங்கப் போனவள் வாராவாரம் போக ஆரம்பித்தாள். நான் வேதாகமத்தை முன்பே இரண்டு முறை படித்திருந்தேன். வம்சவரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாததைக் குறித்தும் வைத்திருந்தேன். அந்தக் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்க தேதியத் தேடுறீங்க. நான் ஆளத் தேடுனேன், கெடச்சிட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்துப் பார்த்து நெடுநாளாகியிருந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் குறிப்பில் எழுதவில்லை.

சிலமலையில் எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலக்காரர்கள், வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சில்லாத வீடு. அந்த வீட்டுப் பெண் பக்கவாதத்தில் விழுந்தாள். தங்கை சனிக்கிழமைதோறும் வேலைக்குப் போகாமல் அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, தலை சீவிவிட்டு வந்தாள். எங்கள் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்தவர், "வேதக்காரியாயிட்டாளாம், எதிரி வீட்டுல போயிக் கழுவி ஊத்துறா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். நானும் அங்கே இருந்தேன். சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்து, அண்ணன் கூட வரவேண்டும் என்றாள். அங்கே என்ன நடக்கும், நான் என்ன செய்யவேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாரல், ஜீப்பு, மூத்தவர் என்ன நினைப்பாரோ என்ற எண்ணம். போகவில்லை.

பிறகொரு நாள், காய் எடுத்துக் கறை பிடித்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னைய எரிச்சிறாதீங்கண்ணே. கல்லறத் தோட்டத்துல வைங்க. அவரு கூப்புடையில எந்திரிக்க எனக்கு ஒரு எடம் வேணும்ல." எலும்பும் மண்ணாகத்தான் போகும் என்று விளக்கினேன். அதெல்லாம் அவரு சோலி என்றாள்.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது அவளுக்கு ஜீப்பிலேயே நெஞ்சு வலி. போடி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மாலை பெய்த மழையில் மெட்டுச் சாலையில் பாறை சரிந்து போக்குவரத்தும் போனும் நின்றன. உபதேசியாருக்குச் செய்தி போனது மூன்றாம் நாள்தான்.

மறுநாள் காலை சிலமலையில் பந்தலுக்குப் போடி நகரத்துச் சபையின் போதகர் வந்தார். மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆனவர். மலை ஜெபக்கூடத்து ஆராதனையில் அவளைப் பார்த்திருக்கிறார். ஆனால் சேகரப் பதிவேட்டில், அதாவது சபை உறுப்பினர் பட்டியலில், அவள் பெயர் இல்லை; ஞானஸ்நானம் எடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் வைக்க முடியாது. ஞானஸ்நானம் கொடுத்த பழைய போதகரைப் போனில் கேட்டிருக்கிறார். மலையில் நிறையப் பேருக்குக் கொடுத்தேன், முகம் நினைவில்லை என்றாராம். அவள் மகன் கோவையிலிருந்து வந்து இறங்கியிருந்தான். இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றான்.

மூத்தவர் போதகரிடம், எழுத்து இருக்கா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பிறகு போதகர் என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒடம்பொறந்தவுங்க நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஞானஸ்நானம் எடுத்தாங்களா?"

பந்தலே என்னைப் பார்த்தது.

"எடுத்ததாச் சொன்னா. நான் பாக்கல."

மூத்தவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "பத்திரம் எழுதுறவரே பாக்கலங்கிறாரு. அப்புறம் என்னப்பா, வெரசா ஆகட்டும்."

நான் சொன்னது பொய் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அவள் ஆசை என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்காததைச் சொல்லவில்லை. பத்திரத்தில் கேட்காத வாசகத்தைச் சேர்க்கக் கூடாது. இப்படி எனக்கு நானே பல மாதம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், எங்கள் பங்காளிகள் முன்னால் எனக்குப் பயம். அடுத்த குலசாமி கும்பிடுக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். நான் நம்பாத சாமி அது.

மகன் கொள்ளி வைத்தான். போதகர் சுடுகாட்டு வழியில் ஓரமாக நின்று எதையோ வாய்க்குள் சொன்னார். அப்புறம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்து, அவள் போன ஜீப்பிலேயே மலைக்குப் போனேன். காய் எடுக்கும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். இது அவள் உட்காரும் இடம் என்று ஒருத்தி சொன்னாள்.

உபதேசியார் ஒரு நீண்ட நோட்டை எடுத்து வந்தார். ஈரத்தில் ஓரம் பொடிந்திருந்தது. என் நாட்குறிப்பிலுள்ள அதே ஞாயிறு, அதே தேதி. பெயர், வயது, ஊர் சிலமலை, தொழில் ஏலக்காய் எடுப்பு. முதல் சாட்சி, உபதேசியாரின் மனைவி. அந்த அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டு கையெழுத்து இருந்தால்தான் நகரத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்களாம். அதனால் இதை அனுப்பவே இல்லை. வேறு யாராவது போட்டிருக்கலாமே என்றேன். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள், சேச்சி ஒத்துக்கிடவில்லை என்றார். எல்லாப் பெண்களையும் மலையாளத்தில் அக்கா என்று பொருள்படும் சேச்சி என்றே அழைக்கும் பழக்கம் அவருக்கு.

ஏலத்தோட்டத்தில் ஒரு செடியின் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் எடுத்து, மற்றதைச் சரத்திலேயே விட்டுவிட்டு, நாற்பது நாற்பத்தைந்து நாளில் மறுபடி வருவார்கள். அப்படி வரும் ஒவ்வொரு முறைக்கும் எடுப்பு என்று பெயர். அவள் அன்று சொன்னதை உபதேசியார் அவள் குரலிலேயே சொல்ல முயன்றார்:

"அந்த எடத்த விட்டு வைங்கய்யா. எங்கண்ணனுக்கு. அவரு இன்னும் முத்தல, அடுத்த எடுப்புக்கு வருவாரு."

எல்லோரும் சிரித்தார்களாம்.

பேனா என் சட்டைப்பையில் இருந்தது. இப்போது போடலாமா என்று கேட்டேன். அவர் நோட்டை மூடவில்லை, என் பக்கம் தள்ளவும் இல்லை. "கண்ணால கண்டவுங்கதானே ஐயா போடணும்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நான் முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன சட்டம்தான்.

இப்போதும் சில ஞாயிறு போகிறேன். கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். அவளை எழுப்பி நிறுத்தியது ஏதோ அங்கே இருந்தது, அது மட்டும் எனக்கு நிச்சயம். வருடத்துக்கு ஒன்றாக நாற்பது நாட்குறிப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் அப்படி எதுவும் இல்லை என்பதும் நிச்சயம். உபதேசியார் என்னை எதற்கும் வற்புறுத்துவதில்லை. சிலமலையில் பக்கவாதத்தில் கிடக்கும் பெண் சனிக்கிழமைதோறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்கிறார்கள். அந்த வீட்டு வாசல்வரை ஒருமுறை போய்த் திரும்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். அந்த இடம் எனக்காக விடப்பட்டது என்பதற்கு உபதேசியாரின் வாய்ச்சொல் ஒன்றே ஆதாரம். அன்று உடனிருந்த எஸ்டேட் குடும்பங்கள் வெவ்வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டன; விசாரித்ததில் இதுவரை ஒருவரும் கிடைக்கவில்லை. நோட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. எனவே இந்தச் செய்தி இன்றுவரை சரிபார்க்கப்படாதது.