இன்றைக்கு யார் பாடு?

போன வாரம் தம்பி மகளைக் கராத்தே க்ளாஸில் சேர்க்க அனுப்பம்பட்டு போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அகாடமி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்குக் கால் தானாகச் சேர்ந்துகொண்டது. சேகர் மாஸ்டர்!

"இன்னாம்மா, கோட்டைக்குப்பத்துப் பொண்ணுதான நீ? குத்தச் சொன்னா கண்ண மூடிக்குவியே!"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது இது ஒன்றுதான்!

"உள்ளே போகலாமா மாஸ்டர்?" என்றேன்.

"நீ போ. குமாரி கீறா. இன்னிக்கு என் பாடு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னுமா அந்தக் கணக்கு?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. உன் பாட்டில் என் வலை இறங்காது. காற்றடித்து உன் நாள் வீணாகிவிட்டதா? போனது போனதுதான்.

அப்போது எங்களுக்கெல்லாம் ஒரே மாஸ்டர்தான். அவரும் ஏரியில் வலை போடுகிறவர்தான். டச்சுக்காரர்களின் கல்லறைச் சுவரை ஒட்டிய காலி இடத்தில் க்ளாஸ். வேறெங்கே நின்றாலும் மணல், இல்லாவிட்டால் சேறு. கல்லறை வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். "அதுங்களப் பாரு, எத்தினி வருசமா ஆடாம நிக்குதுங்க!" என்பார் மாஸ்டர். நாங்கள் சிரித்தே ஆடிவிடுவோம்.

தோணிரேவு குமாரி அக்கா அவருடைய முதல் மாணவி. ஒருநாள் அக்கா தனி க்ளாஸ் ஆரம்பிக்கப் போவதாகச் சொல்ல, மாஸ்டருக்கு வந்ததே கோபம்... "நான் கத்துக்குடுத்த கையால எனக்கே குத்தா?" இருவருக்கும் வேண்டியது அதே இடம், அதே சாயங்காலம். பேச்சு முற்றி, பஞ்சாயத்துக்குப் போனது.

பஞ்சாயத்தில் எங்கள் நைனாவும் இருந்தார். கராத்தே என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. "இதுல இன்னா கீது? ஏரிய மாதிரி பாடு வெச்சிக்கோங்க. ஒருநாள் அவரு, மறுநாள் அந்தப் பொண்ணு. அன்னிக்கு யாரு பாடோ, வர்ற பசங்க அவங்க பசங்க" என்று முடித்துவிட்டார்.

பெரியவர்கள் பசங்களையும் இறால் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் சும்மா இருப்போமா? தினமும் போனோம்! இன்று மாஸ்டரின் மாணவர்கள், நாளை அக்காவின் மாணவர்கள். இவர் குத்து, அவர் உதை. இரண்டும் சேர்ந்து எங்களுக்கு ஒரு புது தினுசு வந்துவிட்டது.

அப்போதுதான் பொன்னேரியில் போட்டி வந்தது. எந்த மாஸ்டரின் பிள்ளைகள் கோப்பை வாங்குகிறார்களோ, அவருக்கே தன் மாடியை க்ளாஸ் நடத்தக் கொடுப்பதாக ஒரு மண்டபக்காரர் சொல்லியிருந்தார். கூரையுள்ள இடம்! மாஸ்டரின் வாழ்நாள் ஆசை. போட்டி நாளும் அவருடைய பாடுதான். மனிதர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

மழை பெய்தது. போட்டி ஒருநாள் தள்ளிப்போனது.

மறுநாள் பொன்னேரியில், பேர் பதிகிற மேஜையில் இருந்தவர் கேட்டார்: "இந்தப் பசங்க எந்த மாஸ்டர்?"

குமாரி அக்காதான் சொன்னார்: "மாஸ்டர், உங்க பேரையே குடுங்க. மழை வராம இருந்தா உங்க நாள்தான..."

"இன்னா பேசுற நீ? நாளைக்கு என் பாட்டுல எவனாவது வலை வுட்டா, எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பேன்? உன் பேர எழுது."

சொல்லிவிட்டு ஓரமாகப் போய், எங்கள் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் உட்கார்ந்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு!

நான் முதல் சுற்றிலேயே கண்ணை மூடிக்கொண்டு தோற்றேன். எங்கள் க்ளாஸ் ராணி ஜெயித்துக்கொண்டே போனாள். கோப்பை அக்காவின் பேருக்கு வந்தது, மாடியும் வந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து நான் அழுதேன். தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்து ராணி எனக்கு முறுக்கு கொடுத்தாள்.

அடுத்த வாரம் அக்கா மாஸ்டரின் வீட்டுக்கு வந்து மாடிச் சாவியை நீட்டினாராம். "ஒருநாள் எனக்கு, ஒருநாள் உங்களுக்கு. மாடிக்கும் அதே பாடுதான் மாஸ்டர்."

அப்படித்தான் பொன்னேரி வளர்ந்து, அனுப்பம்பட்டு வந்து, இன்னும் எங்கெங்கோ கிளை விட்டிருக்கிறது. இன்றுவரை ஒரே போர்டு, இரண்டு பேர். ஊர் ஊராக அகாடமிகள் உடைந்து, மாஸ்டரும் சிஷ்யனும் எதிரெதிரே ஃப்ளெக்ஸ் வைக்கிற காலத்தில்!

தம்பி மகளைச் சேர்த்துவிட்டு வெளியே வந்தேன். மாஸ்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு வாண்டு கோணலாக நின்றது. "இடுப்பு... டேய், இடுப்பு..." என்று தொடங்கியவர், என்னைப் பார்த்ததும் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிளாக் பெல்ட் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்... தன் முறை வரும்வரை வாசலில் உட்காரத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்!