மீன்கார அக்கா நிறுத்திய கார்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் போன மழைக்காலம் முழுக்க என் காரைச் சிங்கப்பெருமாள் கோவிலில் உள்ள மைத்துனர் வீட்டு ஷெட்டில் கவர் போட்டு வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை அவர் ஸ்டார்ட் செய்து வைப்பார். கடைசி இரண்டு வாரம் மட்டும் அவர் ஊரில் இல்லை.

பொங்கல் முடிந்து காரை எடுக்கப் போனேன். கவரை உருவிவிட்டு, உட்கார்ந்து சாவியைப் போட்டேன். வாசலில் கூடையோடு நின்ற மீன்கார அக்கா கத்தினார்.

"சார், ஸ்டார்ட் பண்ணாத! இரு சார்!"

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"என் கூடயப் பாத்தாலே ஓடியாற பூனை சார் இது. இன்னிக்கி மீன் தலையப் போட்டும் வரல. உன் வண்டியவே பாத்து கத்திகினு கீது."

இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தேன். ஃபேன் பெல்ட்டை ஒட்டி, கண் திறக்காத மூன்று குட்டிகள்! அக்காதான் முந்தானையால் பதமாக எடுத்து அட்டைப்பெட்டியில் விட்டார். தாய்ப்பூனை மூன்றையும் நக்கிப் பார்த்த பிறகே மீன் தலையைத் தின்றது. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் பானெட்டை நாலு தட்டு தட்டி, திறந்து பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுகிறேன். எங்கள் தெருவில் சிலர் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். மறுநாள் அவர்களும் தட்டுகிறார்கள்.